குருதியில் மருந்தளத்தல்

அளத்தல் என்னும் தொழில் தமிழர்க்குப் புதிதன்று. நெல்லை மரக்காலாலும், நிலத்தைக் கோலாலும், பொன்னைக் குன்றிமணியாலும் அளந்தறிந்த நம் முன்னோர், மிக நுண்ணிய பின்னங்களுக்கும் பெயரிட்டு வழங்கினர். ஒன்றினை 320 கூறாக்கின் ஒரு கூறு முந்திரி எனப்படும். அம்முந்திரியையும் 320 கூறாக்கின் அதில் ஒன்று கீழ்முந்திரி. எனவே கீழ்முந்திரியாவது ஒன்றில் 1,02,400-இல் ஒரு பங்கு. இத்துணைச் சிறு பங்கு எவர்க்கு எதற்குப் பயன்பட்டிருக்கும் என எம் வகுப்பில் நகைத்தாரும் உளர். நகைத்தல் வேண்டா. காசநோய்க்கு ரிபாம்பிசின் என்னும் மருந்தை உண்டவரது குருதிநீரில், அம்மருந்தின் உச்ச அளவு மில்லி லிட்டர் ஒன்றுக்கு 8 முதல் 24 மைக்ரோகிராம் வரை இருத்தல் வேண்டும் என்பர் மருத்துவ நூலார். எட்டு மைக்ரோகிராம் என்பது அக்குருதிநீரில் ஒரு கீழ்முந்திரிக்கும் சற்றுக் குறைந்த பங்கேயாம். ஆயிரம் லிட்டர் நீர் கொள்ளும் தொட்டியொன்றில் எட்டுக் கிராம் உப்பைக் கரைத்தாற்போன்றது அது.

இவ்வளவு சிறிய பங்கை அளந்து, "எட்டு உளது" என்றோ, "நான்கே உளது" என்றோ ஒருவர் துணிந்துரைப்பது எங்ஙனம்? அவர் உரைத்ததை நாம் நம்புவது எங்ஙனம்? முன்னது கருவியைப் பற்றிய வினா; பின்னது முறையைப் பற்றிய வினா. பின்னதே எம் கருத்தைப் பெரிதும் கவர்ந்தது. தமிழ் பயிலும் எமக்கு இரசாயனத்தில் யாது வேலை என்று அன்பர் சிலர் வினவக்கூடும். சொல்லை அளந்து வழங்குக என்று ஆண்டு முழுதும் கற்பிக்கப்படும் மாணவர்க்கு, பொருளை அளக்கும் துறை முற்றும் அயலன்று என்பதே எம் விடை. இரசாயன வகுப்பு நண்பர்கள் பொறுமையுடன் விளக்கியவற்றை எம்மொழியில் ஈண்டு வரைகின்றோம்.

மருந்துகளுள் சிறுமூலக்கூறுடையன, பெருமூலக்கூறுடையன என இருவகை உண்டு. ஐதரசன் அணுவின் நிறையை ஏறக்குறைய ஒன்றெனக் கொண்டால், காசநோய் மருந்தாகிய ஐசோநியாசிடின் மூலக்கூறு 137, ரிபாம்பிசின் 823. இன்சுலினோ ஏறத்தாழ 5,800. வாயினால் உண்ணும் மாத்திரைகளுட் பெரும்பாலன முதல் வகையின. இவை குடலிற் கரைந்து, குருதியிற் கலந்து, கல்லீரலில் உருமாறி, சிறுநீரிற் கழியும். ஒரே மாத்திரையை உண்ட இருவர் குருதியில் ஒரே அளவு மருந்து நிற்கும் என்பதற்கு உறுதியில்லை. உண்ட அளவு வேறு. உற்ற அளவு வேறு. இவ்வேறுபாட்டை நன்கு உணர்த்திய ஆராய்ச்சிகளுட் சில நம் தமிழ்நாட்டின் தலைநகரிலேயே நிகழ்ந்தன என்பது நாம் மகிழ்தற்குரியது.

1956-ஆம் ஆண்டில், இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும், சென்னை அரசாங்கமும், உலக சுகாதார நிறுவனமும், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் கூடிச் சென்னையிற் காசநோய் மருந்துச் சிகிச்சை நிலையம் ஒன்றை நிறுவின. வாலஸ் பாக்ஸ் என்னும் ஆங்கில மருத்துவர் அதன் பணியைத் தொடக்கத்தில் நடத்தினார். காசநோயர் சானடோரியத்திற் கிடந்து ஓய்வும் நல்லுணவும் பெற்றாலன்றி உய்யார் என்பது அந்நாளைய கொள்கை. நோயரோ பல்லாயிரவர், படுக்கைகளோ மிகச் சில. அந்நிலையத்தார் நோயருட் சிலரைச் சானடோரியத்திலும், சிலரைச் சென்னையின் நெருக்கமான குடிசைகளில் அவரவர் வீட்டிலும் வைத்து, ஐசோநியாசிட், பாஸ் என்னும் இரு மருந்துகளையும் ஓராண்டு அளித்துப் பார்த்தனர். 1959-இல் வெளிவந்த முடிவு உலகத்தையே வியப்பில் ஆழ்த்தியது. வீட்டில் இருந்தவரும் சானடோரியத்தில் இருந்தவரும் ஏறக்குறைய ஒப்பவே குணமடைந்தனர். வீட்டிலுள்ள சுற்றத்தார்க்கு நோய் மிகுதியாகத் தொற்றியதும் இல்லை. இம்முடிவுக்குப் பின்னரே வீட்டுச் சிகிச்சை உலகெங்கும் பரவலாயிற்று.

இவ்வரலாறு பலரும் அறிந்ததே. அதனுள் மறைந்து கிடக்கும் ஒரு சிறு பகுதியையே யாம் எடுத்துக்காட்ட விரும்புகின்றோம். வீட்டிலிருக்கும் நோயர் மருந்தை உண்மையிலேயே உண்டனரா? பாஸ் என்பது நாவுக்கு ஒவ்வாதது, வயிற்றைப் புரட்டுவது, நாளொன்றுக்குப் பல கிராம் விழுங்கவேண்டுவது. நோயர் "உண்டேன்" என்று கூறிவிட்டு அதை மூலையில் எறிந்திருந்தால், ஆராய்ச்சி முழுதும் பாழாகும். ஆதலின் ஊழியர் முன்னறிவிப்பின்றி வீடுகளுக்குச் சென்று, எஞ்சிய மருந்தை எண்ணியதோடு, நோயரின் சிறுநீரையும் வாங்கிச் சோதித்தனர். பாஸ் கலந்த சிறுநீரிற் பெரிக் குளோரைடைச் சேர்த்தால் செந்நீல நிறம் தோன்றும். எளிய சோதனைதான்; ஒரு குழாயும் சில துளிகளும் போதும். ஆயினும் இச்சோதனை "உண்டா, இல்லையா" என்றே கூறும். "எவ்வளவு" என்று கூறாது. மேலும் ஆஸ்பிரின் உண்டவரது சிறுநீரும் அந்நிறத்தைக் காட்டவல்லது. ஏனெனில் இரண்டும் சாலிசிலிக் அமிலக் குடும்பத்தைச் சார்ந்தன. தலைவலிக்கு மாத்திரை விழுங்கியவரைப் பாஸ் உண்டவர் என எண்ணிவிடலாகும். தேடும் பொருளை மட்டுமே காட்டி, அதன் உறவினரைக் காட்டாதிருத்தல் அளக்கும் முறைக்கு இன்றியமையாத முதற் பண்பு என்பது இதனாற் பெறப்படும்.

ஐசோநியாசிடின் கதை இன்னும் சுவையுடையது. 1912-இலேயே ஒருவர் கருத்திலும் படாமல் ஆய்வுக்கூடத்தில் ஆக்கப்பட்ட இப்பொருள், காசநோயைக் கொல்லும் என்பது 1952-இலேதான் தெரியவந்தது. இதனை உண்ட மக்கள் இருதிறத்தினர். ஒரு திறத்தார் கல்லீரல் அதனை விரைவில் உருமாற்றிச் செயலறச் செய்துவிடும். மற்றொரு திறத்தார் கல்லீரல் மெல்லச் செய்யும். இது பிறவியிலேயே அமைவது. சென்னை நிலையத்தார் நோயர்க்கு ஒரே வகையில் மருந்தை ஊசிவழிச் செலுத்தி, குறித்த நேரத்திற் குருதி எடுத்து அளந்தனர். தென்னிந்திய நோயருள் நூற்றுக்கு ஏறத்தாழ அறுபதின்மர் மெல்ல மாற்றுவோர் என அறிந்தனர். வாரத்துக்கு ஒருமுறை மட்டும் மருந்து கொடுக்கும் திட்டத்தில், விரைந்து மாற்றுவோர் போதிய பயன் பெறவில்லை. மறுபுறம், மருந்து மிகுதியாகத் தந்தவிடத்து மெல்ல மாற்றுவோர்க்கே கைகால் நரம்பு எரிச்சல் மிகுதியாகக் கண்டது. பைரிடாக்சின் என்னும் வைட்டமினைச் சேர்த்துக் கொடுத்து அதனைத் தடுத்தனர். ஒரே நாளளவை இருமுறை பிரித்துண்டவரைக் காட்டிலும், ஒரே முறையில் உண்டவர் நன்கு தேறினர் என்பதும் அங்கே கண்ட உண்மை. நெடுநேரம் தாழ்ந்து நிற்பதினும், சிறிது நேரமேனும் உயர்ந்து நிற்பதே நோயை வெல்லும் என்பதைக் குருதி அளவு விளக்கிற்று.

அக்காலத்தில் அவர் குருதியை அளந்த கோல் யாது? காசநோய்க் கிருமியே! நோயரின் சீரத்தைக் கிருமி வளரும் ஊட்டத்தோடு சேர்த்து, எவ்வளவு தூரம் கிருமி வளராது நிற்கின்றது என்று நோக்கி, அறிந்த அளவு மருந்தோடு ஒப்பிடுவர். பகைவனையே தராசாக்கிய இவ்வறிவு எம்மை மிகவும் ஈர்த்தது. செயலற்றுப்போன மருந்தைக் கிருமி பொருட்படுத்தாதாகலின், செயலுள்ள மருந்தை மட்டும் அளத்தல் இதன் சிறப்பு. ஆயினும் கிருமி வளர நாட்கள் பல செல்லும். கிருமியைத் தடுக்கும் மருந்து வேறொன்று அக்குருதியிற் கலந்திருப்பின், தடுத்தது எது என்று கிருமி பிரித்துச் சொல்லாது. ரிபாம்பிசின் போன்ற மருந்துகள் வந்து, நான்கு மருந்துகளை ஒருங்கே உண்ணும் வழக்கம் ஏற்பட்டபின், பிரித்தளக்கும் முறை இன்றியமையாததாயிற்று.

பிரித்தளக்கும் முறைக்கு வண்ணப்பிரிகை என்று பெயர். உருசிய நாட்டுத் தாவர நூலறிஞர் ஸ்வெட் என்பார், சுண்ணப்பொடி நிரப்பிய கண்ணாடிக் குழாயின் வழியே இலைச்சாற்றை ஒழுகவிட்டு, பச்சையும் மஞ்சளுமாக நிறங்கள் பிரிந்து நிற்கக் கண்டு, 1906-இல் இப்பெயர்ப்பொருள்படக் கிரேக்கச் சொல்லால் வழங்கினார். இன்று அளக்கப்படும் மருந்துகளுட் பெரும்பாலன நிறமற்றவை. ஆயினும் பெயர் நின்றது. எள்ளின் நெய்யாகிய எண்ணெய், தேங்காய்க்கும் வேம்புக்கும் ஆனாற்போலக் கொள்க.

இதன் இயல்பை அறிய விரும்புவோர் திருவரங்கத்துக்கு வருக. ஏழு திருச்சுற்றுக்கள் சூழ்ந்த அவ்வூரில், வைகுண்ட ஏகாதசிக் கூட்டம் காவிரிப் பாலத்தைக் கடந்து ஒரே நேரத்திற் புகுவதாக வைத்துக்கொள்வோம். கடைத்தெருவில் நாட்டமில்லாதவர் நேரே நடந்து முதலிற் போய்ச் சேர்வர். வளையற்கடை, பாத்திரக்கடை, பலகாரக்கடை ஒவ்வொன்றிலும் நிற்பவர் கடைசியில் வருவர். புகுந்தபோது ஒன்றாயிருந்த கூட்டம், வெளிப்படுங்கால் இயல்புக்கேற்பப் பிரிந்திருக்கும். இக்காலத்துக் குழாய்களில் எண்ணெய்ப்பசை போன்ற தன்மையுடைய நுண்மணிகள் செறிந்துள்ளன. மிக்க அழுத்தத்தால் நீர்மம் அதன் வழியே செலுத்தப்படும். ரிபாம்பிசின் எண்ணெய்ப்பசையை நாடுவது. கடைதோறும் நின்று பிந்தி வரும். ஐசோநியாசிடோ நீரை நாடுவது. எங்கும் நில்லாது விரைந்து வெளிப்படும். அவ்வாறு முந்தி வருவதே அதனை அளப்பதில் இடர். குருதியிலுள்ள எத்தனையோ நீர்விரும்பிப் பொருள்கள் அதே கணத்தில் முந்தியடித்து வெளிவருகின்றன. இவ்விரு மருந்துகளையும் ஒரே ஓட்டத்தில் அளத்தல் எளிதன்று என்று நண்பர் கூறியதன் காரணம் இதுவே.

பிரிந்து வரும் பொருளைக் காண்பதற்கு வழி இரண்டு. அப்பொருள் விழுங்கும் ஒளியை அளப்பது ஒன்று. அதனை மின்னேற்றி, அதன் நிறையை அளப்பது மற்றொன்று. இதனை நிறை நிறமாலைமானி செய்யும். (திருவானைக்காவிற் பிறந்த ஸர் சி. வி. இராமன் 1928-இற் கண்ட ஒளிச்சிதறலைக் கொண்டு, உறையைப் பிரியாமலே மாத்திரை இன்னதென அறியும் கைக்கருவிகளும் இன்று உள. ஆயினும் அவை பெரிதும் இனங்காண்பதற்கு உதவுவன. குருதியளவுக்கு வழக்கமான வழி மேற்கூறியவையே.)

கருவி எத்துணை விலையுடையதாயினும், அது தரும் எண் தானே மெய்யாகிவிடாது. எம் திருச்சிராப்பள்ளியின் பெரிய கடைவீதியில் தட்டார் பொன்னை உரைகல்லில் உரைப்பதைக் கண்டிருக்கின்றோம். வந்த பொன்னை மட்டும் உரைத்து அவர் மாற்றுக் கூறுவதில்லை. மாற்றறிந்த பொன்னையும் அதனருகே உரைத்து, இரு கோடுகளையும் ஒப்பிட்டே கூறுவர். மருந்தளப்போரும் அங்ஙனமே. மருந்துண்ணாதவர் குருதிநீரை எடுத்து, அதில் தாமே நிறுத்த மருந்தைக் கலந்து, குறைந்தது ஆறு அளவுகளில் வைத்து ஒரு கோடு வரைவர். அக்கோட்டின் கீழெல்லைக்குக் கீழும் மேலெல்லைக்கு மேலும் எந்த எண்ணையும் கூறார். தெரிந்த எல்லைக்கு அப்பால் வாய்மூடி நிற்கும் இவ்வொழுக்கம் நூலாராய்ச்சி செய்வார்க்கும் வேண்டுவதொன்று என்பது எம் எண்ணம்.

அடுத்து, மருந்தே உண்ணாத அறுவரது குருதிநீரைத் தனித்தனியே கருவியிற் செலுத்துவர். அங்கே கருவி வாளாவிருத்தல் வேண்டும். ஒருவரது குருதி பாலுண்ட கொழுப்புடையதாக இருக்கலாம். ஒருவரது சிவப்பணு சிதைந்ததாக இருக்கலாம். அவற்றுள் ஒன்றிலேனும் மருந்து இருப்பதாகக் கருவி காட்டுமாயின், முறை தள்ளப்படும்.

பின்னர்த் துல்லியம், நுட்பம் என்னும் இரண்டும் நோக்கப்படும். இவ்விரு சொற்களையும் நாம் வேறுபாடின்றி வழங்குகின்றோம், அது தவறு. ஒரு கடைக்காரர் தராசு, ஒரு கிலோ அரிசியை ஒவ்வொரு முறையும் தவறாமல் நூறு கிராம் குறைத்தே நிறுக்குமாயின், அது நுட்பமுடையது, துல்லியமுடையதன்று. மற்றொருவர் தராசு ஒருமுறை கூட்டியும் ஒருமுறை குறைத்தும் நிறுத்து, சராசரியில் மட்டும் சரியாக நின்றால், அதில் நுட்பம் இல்லை. மருந்தளக்கும் முறைக்கு இரண்டும் வேண்டும். தெரிந்த அளவு கலந்த சான்றுகளை ஓர் ஓட்டத்தில் ஐந்து முறையேனும், மூன்று ஓட்டங்களிலேனும், இரு நாட்களுக்குக் குறையாமல் அளந்து காட்டவேண்டும். உண்மை அளவினின்றும் நூற்றுக்குப் பதினைந்துக்கு மேல் விலகலாகாது. மிகக் குறைந்த அளவில் மட்டும் இருபது வரை பொறுக்கப்படும்.

நூற்றுக்குப் பதினைந்தா என்று தட்டார் கேட்டால் திகைப்பர். பொன்னில் அவ்வளவு விட்டால் கடையை மூடவேண்டியதுதான். ஆயின் குருதியில் ஒரு கீழ்முந்திரி அளவைத் தேடுபவர்க்கு இவ்வெல்லையே கடுமையானது. முன்னர் ஒவ்வோர் ஆய்வுக்கூடமும் தனக்குத் தோன்றியவாறே முறையைச் சோதித்து வந்தது. 1990-ஆம் ஆண்டு டிசம்பரில் வாஷிங்டன் நகருக்கருகே கிரிஸ்டல் சிட்டி என்னுமிடத்தில் அறிஞர் கூடி, முதன்முறையாக இதற்குப் பொதுவிதி காண முயன்றனர். அமெரிக்க அரசாங்கத்தின் விதி 2001-இல் வந்தது. பல நாடுகளும் ஒருங்கே ஏற்ற எம் 10 என்னும் விதி 2022-இலேதான் நிறைவேறிற்று. மேற்சொன்ன எண்கள் அவ்விதியிலுள்ளவை.

இனி, குருதியைப் பதப்படுத்தும்போது மருந்திற் சிறிது வீணாதல் இயல்பு. புரதங்களை உறையவைத்து வடிக்குங்கால், அவற்றோடு ஒட்டிக்கொண்டு ஒரு பகுதி போய்விடும். எவ்வளவு போயிற்று என்று அறிவது எப்படி? இதற்கு ஓர் அழகிய உபாயம் கண்டனர். அம்மருந்தின் மூலக்கூற்றையே, ஐதரசன் அணுக்கள் சிலவற்றுக்கு ஈடாக அதன் கனத்த உடன்பிறப்பாகிய டியூட்டீரியத்தை வைத்து ஆக்கி, அறிந்த அளவில் முதலிலேயே குருதியிற் கலந்துவிடுவர். இரட்டைப் பிள்ளைகளைப் போல இரண்டும் ஒருங்கே நடந்து, ஒருங்கே தேய்ந்து, ஒருங்கே வெளிப்படும். நிறையில் மட்டும் வேறுபடுதலால் நிறமாலைமானி அவற்றைப் பிரித்தறியும். துணையிற் பாதி வீணாயிருந்தால் மருந்திலும் பாதி வீணாயிருக்கும், விகிதம் மாறாது. திருவிழா இரைச்சலில் தனிக்குரல் அமிழ்வதுபோலக் குருதியின் கொழுப்புகள் மருந்தின் மின்குறியை அமிழ்த்துவதும் உண்டு. அவ்விடத்தும் இரட்டையரிருவரும் ஒப்ப அமிழ்வராதலின் கணக்குப் பெரிதும் பிழைக்காது. இத்தகைய துணை மருந்துகள் விலை மிக்கவை. பொருள் குறைந்த ஆய்வுக்கூடங்கள் உருவில் ஒத்த வேறொரு பொருளைத் துணையாகக் கொள்ளும். அது இரட்டையன்று, ஒன்றுவிட்ட உறவே. அங்கே சோதனை இன்னும் விழிப்பாயிருத்தல் வேண்டும்.

இத்தனை காவலுக்குப் பின்னர் அளந்த எண்கள் என்ன செய்தி தந்தன? சென்னை நிலையம் 1978-இற் காசநோய் ஆராய்ச்சி மையம் எனவும், 2011-இல் தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் எனவும் பெயர் பெற்றுச் சேத்துப்பட்டில் இயங்கிவருகின்றது. வாரத்துக்கு மூன்று நாள் மருந்துண்ட நோயர் ஆயிரவர்க்கும் மிக்காரை அங்குள்ளார் வண்ணப்பிரிகையால் அளந்து, 2017-இல் முடிவை வெளியிட்டனர். பெரும்பாலோர் குருதியில் ரிபாம்பிசின் உச்ச அளவு எட்டு மைக்ரோகிராமுக்குக் கீழே நின்றது. அவர்கள் மருந்தை உண்ணாதவரல்லர். மருந்து உரிய அளவு குருதியிற் சேரவில்லை. முறையில் ஐயம் இருந்திருந்தால், இச்செய்தியை எவரும் "கருவியின் பிழை" என்று ஒதுக்கிவிட்டிருப்பர். ஏழை நோயர் ஒருவர்க்கு மருந்தளவு கூட்டுவதா, விடுவதா என்பது இங்கே ஓர் எண்ணின் மேல் நிற்கின்றது. அவ்வாண்டிலேயே நம் நாட்டுக் காசநோய்த் திட்டம், வாரம் மும்முறை என்பதை விடுத்து நாள்தோறும் மருந்தளிக்கும் முறைக்கு மாறிற்று.

ரிபாம்பிசின் மற்றோர் இடரும் தருவது. செங்கல் நிறமுடைய இம்மருந்து ஒளியிலும் காற்றிலும் வெப்பத்திலும் மெல்லச் சிதைந்து வேறொன்றாகும். அதனைத் தடுக்கக் குருதிநீரில் அஸ்கார்பிக் அமிலத்தை, அதாவது வைட்டமின் சி-யை, உடனே கலப்பர். சித்திரை வெயிலில் எம்மூரில் ஒருவர்க்குக் குருதி எடுத்துச் சேத்துப்பட்டுக்கு அனுப்புவதாக வைத்துக்கொள்வோம். முந்நூறு கிலோ மீட்டருக்கு மேற்பட்ட வழி. பனிக்கட்டி வழியில் உருகிவிட்டால், குழாயிலுள்ள மருந்து குறையும். கருவியோ குறைந்த எண்ணைத் துல்லியமாகவே காட்டும். மருத்துவர் நோயர்க்கு வேண்டாத மருந்தைக் கூட்டுவார். ஆதலின், மேசைமேல் எத்தனை மணி, உறைபெட்டியில் எத்தனை மாதம், எத்தனை முறை உருகி உறைந்தால் மருந்து கெடாது நிற்கும் என்பதையும் முன்னரே அளந்து வைத்தல் வேண்டும் என்பது விதி. அதன் பின்னும், நோயரிடமிருந்து வந்த மாதிரிகளுள் முதல் ஆயிரத்தில் நூற்றுக்குப் பத்தும், அதற்கு மேற்பட்டவற்றில் நூற்றுக்கு ஐந்தும் வேறொரு நாளில் மீண்டும் அளக்கப்படும். அவற்றுள் மூன்றில் இருபங்கேனும், இரு அளவைகளுக்குமிடையே நூற்றுக்கு இருபதுக்கு மேல் வேறுபடாதிருத்தல் வேண்டும். வேறுபட்டால், காரணம் காணும்வரை ஆய்வு நிறுத்தப்படும்.